கட்சி சாராத அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் குடியிருப்பாளர் அமைப்புக்கு ஒருமுறை 60 பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. வெள்ளத்தில் பழைய கதிரைகள் எல்லாம் நாசமாகியிருந்த நேரம். தந்தவர் ஓர் அரசியல்வாதி. நல்ல மனிதர், வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்தவர். நாங்கள் இரண்டாம் தடவை யோசிக்காமல் வாங்கி அடுக்கிவிட்டோம். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் அவருடைய பெயர் மஞ்சள் பெயின்ற்றில் எழுதியிருந்தது.

மூன்று மாதத்தில் தேர்தல் அறிவித்தார்கள். வாக்குச்சீட்டில் எப்படி அடையாளமிடுவது என்று விளக்க ஒரு கூட்டம் வைத்தோம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மா வாசலில் நின்று கதிரைகளைப் பார்த்தார். “இந்தக் கதிரையில நான் இருக்கமாட்டன் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அவரோடு வந்த நாலு பேரும் போனார்கள்.

எங்களில் ஒருவருக்கும் அந்தக் கட்சி மீது தனிப் பிரியம் கிடையாது. ஒருவருக்கும் வாக்குக் கேட்கவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா செய்தது சரி. அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கொள்கைப் பிடிப்பால் ஓர் அமைப்பு கட்சிப் பக்கம் சாய்ந்ததை நான் அதிகம் கண்டதில்லை. நன்றிக்கடனால் சாய்ந்ததை நிறையக் கண்டிருக்கிறேன். செய்த உதவியை மறக்கக் கூடாது என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அந்த நல்ல குணத்தின் வழியாகத்தான் சாய்வு உள்ளே வருகிறது.

கீழே உள்ளவை எங்கள் அனுபவத்தில் தேறியவை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று எந்தப் பகுதி அமைப்பில் சேர்ந்திருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் கருத்தையும் அமைப்பின் குரலையும் பிரித்துக்கொள்ளுங்கள்

கட்சி சாராமல் இருப்பதென்றால் அரசியலே பேசக் கூடாது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படியில்லை. நம் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை அரசியல் கருத்தைக் காரணமாக வைத்து யாருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்க எங்கள் தலைவருக்கே உரிமை இல்லை. நீங்களும் மற்றவரிடம் கேட்கக் கூடாது. தேநீர் குடிக்கும்போது விளையாட்டாகக்கூட வேண்டாம்.

கட்சிக் கூட்டத்துக்குப் போக விரும்பினால் போங்கள். அமைப்பின் டீசேர்ட், அடையாள அட்டை இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் இந்தச் சலுகை இல்லை. அவர்கள் எந்த உடுப்பில் போனாலும் அமைப்புப் போனதாகத்தான் ஊர் பேசும். பதவி எடுக்கும் முன்பே இதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

யாராவது வேட்பாளராக நிற்க முடிவு செய்தால், வேட்புமனு கொடுக்கும் நாள்வரை காத்திருக்காமல் பதவியை விட வேண்டும். தோற்றுவிட்டால் அடுத்த வாரமே திரும்பி வரவும் முடியாது. எங்கள் யாப்பில் ஒரு வருட இடைவெளி வைத்திருக்கிறோம். சொந்தக்காரர் நின்றாலும் சொல்லிவிடுங்கள். மச்சான் போட்டியிடுவது உங்கள் குற்றமில்லை. ஆனால் அந்தத் தேர்தல் முடியும்வரை வாக்காளர் கூட்டங்களை இன்னொருவர் நடத்தட்டும்.

பிரச்சினையைப் பேசுங்கள், அலுவலகத்தின் பெயரோடு

கான் அடைபட்டால் கட்டாயம் பேச வேண்டும். குப்பை நாலு நாளாக எடுக்கப்படாவிட்டால் கேட்க வேண்டும். இதில் நடுநிலை என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த அமைப்பை வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

எழுதும் விதத்தில்தான் கவனம் வேண்டும். யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கையில் உள்ள கானும் குப்பையும் மாநகர சபையுடையவை. பெரிய வாய்க்கால்களைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். குழாய்நீர் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். அலுவலகத்தின் பெயர் தெரியாதபோதுதான் கட்சியின் பெயர் வாயில் வருகிறது. “இந்த ஆட்சியில் எல்லாமே இப்படித்தான்” என்று எழுதாமல், எந்தக் கான், எந்தத் திகதியிலிருந்து, யாருக்கு எத்தனை கடிதம் போனது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அந்தப் படிவத்தில் கட்சிக்கு இடமே கிடையாது.

சில நேரம் நாம் பல வருடமாகக் கேட்டுவந்த ஒன்றை ஒரு கட்சி தன் வாக்குறுதியில் சேர்த்துக்கொள்ளும். அதற்காக நாம் கோரிக்கையைக் கைவிடத் தேவையில்லை. நம் பழைய கடிதத்தின் திகதியைக் காட்டி, அதே வார்த்தைகளில் தொடர்ந்து கேளுங்கள்.

பொருள், பணம், பொன்னாடை

எங்களுக்கு அடி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை எந்தக் கட்சியிடமிருந்தும் வேட்பாளரிடமிருந்தும் எதுவும் வாங்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் வேண்டாம், ஒலிபெருக்கியை இரவலாகவும் வேண்டாம். தேர்தல் இல்லாத காலத்தில் வாங்குவதானால் மூன்று விடயம் பாருங்கள். பொருளில் பெயரோ படமோ சின்னமோ இருக்கக் கூடாது. பற்றுச்சீட்டு எழுதி, கூட்டறிக்கையில் பதிய வேண்டும். அதே உதவியை நாளைக்கு எதிர்த் தரப்புக்காரர் தந்தாலும் இதே மாதிரி வாங்குவோமா என்று செயற்குழு வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு யாராவது தயங்கினால் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக வரும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதியை “எம்.பி. தந்த காசு” என்று பலர் சொல்கிறார்கள். அது அரச பணம், அதாவது நம் எல்லோருடைய வரி. அதில் ஒரு கட்டடம் திருத்தினால் நன்றிக் கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். பலகையில் “பொதுமக்களின் வரிப்பணத்தில்” என்று எழுதுங்கள். எம்.பி. கோபிப்பாரோ என்று பயந்தோம். ஒருவரும் கோபிக்கவில்லை.

பொன்னாடை பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு விழா என்றால் பிரதம அதிதி வேண்டும், பிரதம அதிதி என்றால் அரசியல்வாதி வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரையோ, பல வருடம் இந்த ஒழுங்கையைக் கூட்டிய மாநகர சபைத் தொழிலாளியையோ மேடையில் இருத்துங்கள். அரசியல்வாதி தானாக வந்தால் வரவேற்று, மற்றவர்களோடு சபையில் இருத்தி, தேநீர் கொடுங்கள்.

மறுப்பதற்கு வார்த்தை தெரியாமல்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நான் சொல்வது இப்படி: “ஐயா, நீங்கள் தர நினைத்ததே பெரிய விஷயம். தேர்தல் முடியுமட்டும் ஒருவரிட்டயும் வாங்கக் கூடாது என்று எங்கட யாப்பில இருக்கு. வாங்கினால் எனக்குத்தான் பேச்சு விழும்.” பழியை விதியின் மேல் போடுங்கள். விதியை எழுதி வைப்பதே அதற்குத்தான்.

அந்தக் கதிரைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நானே அவருடைய வீட்டுக்குப் போய், பெயரை அழிக்கப் போகிறோம் என்று நேரே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “உங்கட விருப்பம் தம்பி” என்றார். திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு மனசு சரியில்லை. ஆனாலும் அன்று பின்னேரமே நாலு பிள்ளைகளோடு இருந்து 60 கதிரைக்கும் வெள்ளை அடித்தோம். நான் நேரே போய்ச் சொன்னதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சொல்லாமல் அழித்திருந்தால் அது அவமதிப்பாகியிருக்கும்.

நிறம், சின்னம், படம்

இலங்கையில் வீட்டில் உள்ள பாதிச் சாமான் தேர்தல் சின்னம். யானை ஐக்கிய தேசியக் கட்சிக்கு, தொலைபேசி ஐக்கிய மக்கள் சக்திக்கு, திசைகாட்டி தேசிய மக்கள் சக்திக்கு, தாமரை மொட்டு பொதுஜன பெரமுனவுக்கு. தமிழரசுக் கட்சிக்கு வீடு, தமிழ்க் காங்கிரசுக்குச் சைக்கிள், ஈ.பி.டி.பி.க்கு வீணை, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்குச் சேவல், முஸ்லிம் காங்கிரசுக்கு மரம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் எரிவாயு சிலிண்டரும் சங்கும்கூடச் சேர்ந்துகொண்டன.

ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் துண்டுப்பிரசுரத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். எங்களுடைய ஒன்றில் தொடர்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொலைபேசிப் படம் இருந்தது. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார், எல்லாவற்றையும் மறுபடி அச்சிட்டோம். பச்சை, நீலம், சிவப்பு மூன்றையும் பதாகையின் பின்னணிக்குப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துப் போதும். மாதிரி வாக்குச்சீட்டில் பழம், பூ என்று போடவும் வேண்டாம். சுயேச்சைக் குழுக்களுக்கு எந்தச் சின்னம் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வட்டம், சதுரம், முக்கோணம் வரையுங்கள்.

வாக்காளருக்கு விளக்கும்போது

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் சுமார் 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இந்த வேலை எவ்வளவு தேவை என்பதற்கு அந்தத் தொகையே போதும். 1982இல் தொடங்கிய நேரடி ஜனாதிபதித் தேர்தல்களில் விருப்பு வாக்குகளை எண்ணியே முடிவு சொல்ல வேண்டிவந்ததும் அதில்தான் முதல் தடவை. அதனால் இப்போது எல்லோரும் 1, 2, 3 பற்றிக் கேட்கிறார்கள்.

ஒருவருக்கு மட்டும் அடையாளமிடலாம். விரும்பினால் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் குறிக்கலாம். அவ்வளவைச் சொல்லி நிறுத்துங்கள். “இரண்டாவதையும் போட்டால் நல்லது” என்று நீங்கள் சேர்க்கும் ஒரு சொல் யாரோ ஒருவருக்குச் சாதகம். பாராளுமன்றத் தேர்தலில் முறை வேறு: முதலில் கட்சிக்கு, பிறகு அதே பட்டியலில் மூன்று பேருக்குள் விருப்பு வாக்கு. இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் குழப்பாதீர்கள்.

“கட்டாயம் வாக்களியுங்கள்” என்பதில் யாருக்கும் தகராறு வராது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் கட்சிகளில் சில தமிழ்ப் பொது வேட்பாளரை ஆதரித்தன, ஒன்று சஜித் பிரேமதாசவை ஆதரித்தது, இன்னொன்று பகிஷ்கரிக்கச் சொன்னது. அந்த நேரம் “கட்டாயம்” என்ற சொல்லும் ஒரு பக்கம் போய் நின்றது. கொழும்பில் இருக்கும் பல குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு கால் இருக்கிறது. அங்கே நடக்கும் விவாதம் இங்கே கூடத்துக்குள் வரும். வாக்களிப்பு இந்த நாட்டில் கட்டாயமில்லை. இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வாக்களிப்பு நிலையம் இது, நேரம் இது, கொண்டுவர வேண்டிய அடையாள அட்டை இது என்று சொல்லுங்கள். போவதும் போகாததும் அவர் முடிவு.

வாக்களிப்புக்கு முந்தைய 48 மணிநேரம் பிரசாரத்துக்குத் தடையான காலம். சட்டப்படி நாம் செய்வது பிரசாரமில்லை என்றாலும் அந்த இரண்டு நாளும் கூட்டம் வைக்காதீர்கள்.

வேட்பாளர் சந்திப்பு

புதியவர்கள் செய்ய ஆசைப்படும் வேலை இதுதான், வழுக்குவதும் இதில்தான். எல்லோருக்கும் ஒரே கடிதம், ஒரே நாளில், ஒரே வழியில் போக வேண்டும். ஒருவருக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு மற்றவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கும். பாராளுமன்றத் தேர்தல் என்றால் எல்லா வேட்பாளரையும் அழைப்பது நடக்காது. 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம். அதோடு மூன்று கூட்டி ஒவ்வொரு பட்டியலிலும் 21 பேர். பட்டியலுக்கு ஒருவர் என்று அழையுங்கள், யார் என்று அந்தக் கட்சியே தீர்மானிக்கட்டும். சிறிய கட்சி, சுயேச்சை என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

பேசும் வரிசையைச் சபைக்கு முன்னால் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் மணி அடிக்க ஒரு சின்னப் பிள்ளையை வைக்கலாம், பிள்ளையிடம் யாரும் வாதாட மாட்டார்கள். கேள்விகளைத் துண்டில் வாங்கி, எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒருவர் மட்டும் வந்தால்? இது எங்களுக்கு நடந்திருக்கிறது. மழை, மற்றவர்கள் வரவில்லை, 80 பேர் காத்திருக்கிறார்கள். வந்தவரைத் தண்டிப்பதா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். என் முடிவு தெளிவு: மேடையைக் கொடுக்கக் கூடாது. அதைக் குடியிருப்பாளர் கூட்டமாக மாற்றி, மக்கள் தங்கள் பிரச்சினையைச் சொல்லட்டும், வந்தவர் சபையில் இருந்து கேட்கட்டும். இரண்டு பேராவது வந்தால்தான் சந்திப்பு நடக்கும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அந்த நேரத்தில் சங்கடம் இல்லை.

மூன்று மொழியும் ஒரே நேரத்தில்

கொழும்பில் இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். சிங்கள அறிவித்தல் திங்களும் தமிழ் அறிவித்தல் புதனும் வந்தால், உள்ளே எவ்வளவு நேர்மையாக எழுதியிருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். மூன்றும் தயாராகும்வரை ஒன்றையும் வெளியிடாதீர்கள்.

சொற்களையும் பாருங்கள். எங்கள் தமிழ்ப் பிரதியில் ஒருமுறை “எங்கள் மக்களின் பிரதிநிதி” என்று இருந்தது. சிங்களத்தில் பொதுமக்கள் பிரதிநிதி என்று மட்டும் இருந்தது. தமிழில் வாசித்தவர்கள் தமிழ் வேட்பாளருக்குப் போடச் சொல்கிறார்கள் என்றே விளங்கிக்கொண்டார்கள். எழுதியவர் அப்படி நினைக்கவே இல்லை. இப்போது தமிழ்ப் பிரதியைத் தமிழ் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரும், சிங்களப் பிரதியை நம்மில் ஒருவரும் வாசித்த பிறகே அச்சுக்குப் போகும்.

வட்ஸ்அப்

சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவில் கட்சிச் செய்தி, மீம்ஸ், பேச்சு வீடியோ எதுவும் வேண்டாம். யார் போட்டாலும், எந்தக் கட்சி என்றாலும், நிர்வாகி அழித்துவிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டும். குழுவில் வைத்து ஏசக் கூடாது. உங்களுக்குப் பிடித்த கட்சியின் செய்தியை அழிக்கத் தாமதமாகிறதா என்று உங்களை நீங்களே கவனியுங்கள். என் கை தாமதித்திருக்கிறது.

வன்முறையும் வாக்கு வாங்குவதும்

இந்த இடத்தில் நடுநிலை என்று ஒதுங்கி நிற்க முடியாது. உலருணவுப் பொதி கொடுத்து வாக்குக் கேட்டால், ஒருவரை மிரட்டினால், இனத்தையோ மதத்தையோ தூண்டிப் பேசினால், யார் செய்தாலும் எழுதி அனுப்ப வேண்டும். ராஜகிரிய சரண மாவத்தையில் உள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளான, 1987இல் தொடங்கிய பெப்ரல், 1997இல் தொடங்கிய தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் ஆகியவையும் முறைப்பாடுகளைப் பெற்றுவந்திருக்கின்றன. கண்ணால் கண்டதை மட்டும், நேரத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள். நேற்று ஒரு கட்சியைப் பற்றி அனுப்பிவிட்டோம், இன்று சமப்படுத்த மற்றக் கட்சியைப் பற்றியும் ஒன்று தேடுவோம் என்று போகாதீர்கள். நடந்தது ஒரு பக்கம் மட்டும் என்றால் முறைப்பாடும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும்.

பிழை விட்டால்

விடுவீர்கள். மறைக்காமல் அன்றே செயலாளரிடம் சொல்லுங்கள். நடந்தது என்ன, திருத்த என்ன செய்தோம் என்று இரண்டு வரி, பிழை போன அதே இடத்தில், அதே மொழிகளில் போகட்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். கதிரைக்கு வெள்ளை அடித்த அடுத்த நாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். “பெயரை அழிச்சிட்டம் அம்மா, வெள்ளிக்கிழமை திரும்பவும் கூட்டம் இருக்கு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து முன் வரிசையில் இருந்தார்.

முடிவு வந்த அடுத்த நாள்

வெடி கொளுத்தும் இடத்துக்குப் போகாதீர்கள், வாழ்த்துப் பதாகையும் கட்டாதீர்கள். நம் சந்திப்புக்கு வந்த வேட்பாளர்கள் அனைவருக்கும், வென்றவருக்கும் தோற்றவருக்கும், ஒரே நன்றிக் கடிதம் போகட்டும். தோற்றவர்களுக்கு வேறு யாரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். வென்றவருக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு கடிதம் உண்டு: அடைபட்ட கான், எடுக்காத குப்பை, பழைய கடிதங்களின் திகதிகள். பிரதி எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.